அணுத்திணிவலகும் சத்தியும்

உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயிலும் மாணவர் யாவரும் 931 என்னும் எண்ணை அறிவர். ஓர் அணுத்திணிவலகு 931 மில்லியன் இலத்திரன் வோல்ற்றுச் சத்திக்குச் சமம் என்பது அவர்கள் மனனஞ் செய்து வைத்திருக்கும் வாய்பாடு. வினாவிலே திணிவு வித்தியாசம் ஒன்று தரப்பட்டவுடன் அதனை 931ஆற் பெருக்கி விடையெழுதிவிடுவர். விடையும் பெரும்பாலும் சரியாகவே அமையும். ஆயின், அவ்வெண் எங்கிருந்து வந்தது, அதனை நம்புதற்கு ஆதாரம் யாது என வினவினால் வகுப்பில் மௌனமே விடையாகக் கிடைக்கும். இது போதாதென்று, நூல்நிலையத்திற் பழைய நூலொன்றைப் புரட்டும் மாணவன் அங்கே 931.1 அல்லது 931.2 என்றும், புதிய நூலிலே 931.5 என்றும் கண்டு மயங்குவதும் உண்டு. இவ்விரண்டில் எது பிழை? இரண்டும் பிழையல்ல. அது எவ்வாறென அறிவதற்கு முதலில் அவ்வெண்ணின் பிறப்பைக் காண வேண்டும்.

1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்ரைன் வெளியிட்ட சிறு கட்டுரையொன்று, ஒரு பொருள் சத்தியை வெளிவிடுமாயின் அதன் திணிவு அச்சத்தியை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் அளவு குறைதல் வேண்டும் என்று கூறிற்று. ஒளியின் வேகம் ஒரு செக்கனுக்கு 299,792,458 மீற்றர். இதன் வர்க்கம் ஏறத்தாழ 8.98755 × 10¹⁶. ஆகவே ஒரு கிலோகிராம் திணிவுக்கு ஒத்த சத்தி 8.98755 × 10¹⁶ யூல். அணுத்திணிவலகு என்பது காபன் 12 அணுவொன்றின் திணிவிற் பன்னிரண்டில் ஒரு பங்கு; கிலோகிராமில் அது 1.66054 × 10⁻²⁷. இவ்விரண்டையும் பெருக்கினால் 1.49242 × 10⁻¹⁰ யூல் கிடைக்கும்.

இச்சத்தி அன்றாட அளவிற் சொல்லப்புகின் மிகச் சிறியது. கருப்பௌதிக அறிஞர் வழங்கும் அலகிற் சொல்லப்புகின் மிகப் பெரியது. ஓர் இலத்திரன் ஒரு வோல்ற்று அழுத்த வேறுபாட்டைக் கடக்கும்போது பெறும் சத்தியே இலத்திரன் வோல்ற்று எனப்படும், அது 1.602177 × 10⁻¹⁹ யூல். அதன் பத்து இலட்சம் மடங்கை மில்லியன் இலத்திரன் வோல்ற்று என்போம். இனி இக்கட்டுரையில் அதனை மி.இ.வோ. எனச் சுருக்கி எழுதுவோம். முன்னர்ப் பெற்ற 1.49242 × 10⁻¹⁰ யூலை 1.602177 × 10⁻¹³ ஆல் வகுத்தால் 931.494 மி.இ.வோ. வரும். எண்ணின் பிறப்பு இவ்வளவே. ஒளிவேகம் 1983இலும், இலத்திரனின் ஏற்றம் 2019இலும் வரையறையாலே நிலைநிறுத்தப்பட்டமையால், இக்கணக்கில் இன்று பரிசோதனையால் அளந்தறிய வேண்டியிருப்பது அணுத்திணிவலகு எத்தனை கிலோகிராம் என்பது ஒன்றேயாம்.

இனிப் பழைய நூலின் 931.2ஐ நோக்குவோம். முற்காலத்தில் அணுத்திணிவுகளுக்கு அடிப்படையாயிருந்தது காபனன்று, ஒட்சிசன். ஒட்சிசனின் அணுத்திணிவைச் சரியாக 16 எனக் கொண்டு, அதன் பதினாறில் ஒரு பங்கை அலகாக்கினர். 1929ஆம் ஆண்டுவரை இதில் யாதொரு குழப்பமும் எழவில்லை. அவ்வாண்டில் ஒட்சிசனுக்கு 17, 18 என்னும் திணிவெண்களையுடைய சமதானிகளும் இருத்தல் கண்டுபிடிக்கப்பட்டது. இரசாயன அறிஞர் தராசில் நிறுத்தது இம்மூன்றும் கலந்த இயற்கை ஒட்சிசனை. பௌதிக அறிஞர் தம் கருவியில் அளந்தது ஒட்சிசன் 16ஐ மட்டும். ஒரே பெயர் கொண்ட அலகு இரு சாராரிடத்தும் இருவேறு பொருளாயிற்று. ஏறத்தாழப் பத்தாயிரத்தில் மூன்று பங்கு வேறுபாடுதான். எனினும் நுட்பமான கணக்குகளில் அது பொறுக்கத்தக்கதன்று. ஈற்றில், 1960, 1961ஆம் ஆண்டுகளில், பௌதிகவியலார் இரசாயனவியலார் ஆகிய இரு சாராரின் அனைத்துலகச் சங்கங்களும் ஒட்சிசனைக் கைவிட்டுக் காபன் 12ஐ ஏற்றன. இப்போதைய அலகில் ஒட்சிசன் 16இன் திணிவு 15.99491 ஆகும். இதனைப் பதினாறால் வகுத்தால் வருவது 0.999682, இதுவே பழைய பௌதிக அலகின் அளவு. 931.494ஐ இதனாற் பெருக்க 931.198 வரும். பழைய நூல் கூறும் 931.2 இதுவே. அலகு சிறிதாயின் அதற்குரிய சத்தியும் சிறிதாதல் முறைதானே. தவறு நேர்வது பழைய நூலின் திணிவை எடுத்துப் புதிய நூலின் எண்ணாற் பெருக்கும்போதுதான். அதனினும் பெருந்தவறு, ஒரு திணிவைப் பழைய நூலிலும் மற்றதைப் புதிய நூலிலும் எடுத்துக் கழித்தல்.

எண் பிறந்த கதை இவ்வாறாக, அதனை நம்புவது எங்ஙனம் என்பதே பெரிய வினா. திணிவை அளப்பது ஒரு கருவி. சத்தியை அளப்பது முற்றிலும் வேறொரு கருவி. இவ்விரண்டும் தம்முள் ஒன்றையொன்று அறியாதன. இரண்டிலும் தனித்தனியே பெற்ற அளவுகள் 931 என்னும் பாலத்தினூடாக ஒன்றுபடுமாயின், அப்பாலம் மெய்யானது. ஐன்ஸ்ரைன் தம் கட்டுரையிலேயே இரேடியம் போன்ற பொருள்களால் இதனைச் சோதித்தல் கூடுமென்று குறிப்பிட்டிருந்தார். ஆனால் அன்றிருந்த அளவைகள் அதற்குப் போதவில்லை. கேம்பிரிட்சில் அஸ்ரன் என்பார் 1919இல் தமது திணிவு நிறமாலைக் கருவியை அமைத்து, அணுக்களின் திணிவுகளை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்து அளக்கத் தொடங்கிய பின்னரே ஒருபக்கத்துக் கணக்கு உருப்பெற்றது. நான்கு ஐதரசன் அணுக்களிலும் ஓர் ஈலிய அணுவின் திணிவு குறைவு என்னும் அவர் முடிவைக் கொண்டே, எடிங்டன் 1920இல் ஞாயிற்றின் சத்திக்கு ஊற்று இதுவாகலாம் என ஊகித்தார்.

மறுபக்கத்துக் கணக்கு 1932இல் அதே கேம்பிரிட்சிற் கிடைத்தது. கவெண்டிசு ஆய்வுகூடத்திற் கொக்குறொவ்ற், உவோல்ற்றன் ஆகிய இருவரும் சில இலட்சம் வோல்ற்று அழுத்தத்தாற் புரோத்தன்களை விரைவுபடுத்தி இலிதியத்தின்மீது மோதவிட்டனர். இலிதியம் 7இன் கருவொன்று புரோத்தனொன்றை ஏற்று, இரண்டு ஈலியக் கருக்களாகப் பிளந்தது. அக்கருக்கள் காற்றில் ஏறத்தாழ எட்டுச் சதமமீற்றர் தூரம் பாய்ந்தன. அத்தூரத்தைக் கொண்டு அவற்றின் சத்தியைக் கணித்தபோது, ஒவ்வொரு பிளவிலும் 17.2 மி.இ.வோ. வெளிப்படுதல் தெரிந்தது. மோதிய புரோத்தனின் சத்தி ஒரு மி.இ.வோ. அளவிலும் இல்லை. எனவே எஞ்சியதெல்லாம் கருவினுள்ளிருந்தே வந்திருத்தல் வேண்டும்.

இன்றைய அளவுகளைக் கொண்டு இக்கணக்கைச் செய்து பார்ப்போம். இலிதியம் 7இன் அணுத்திணிவு 7.016003, ஐதரசனின் அணுத்திணிவு 1.007825, கூட்டுத்தொகை 8.023828. ஈலியத்தின் அணுத்திணிவு 4.002603, அதன் இருமடங்கு 8.005206. வித்தியாசம் 0.018622 அலகு. இதனை 931.494ஆற் பெருக்கினால் 17.35 மி.இ.வோ. வருகிறது. அக்காலத்தில் ஒரு துணிக்கை காற்றிற் பாய்ந்த தூரத்திலிருந்து கணித்த 17.2 இதற்கு எத்துணை அண்மையில் உள்ளது!

இவ்விடத்திற் பாடநூல்கள் பல ஓர் உண்மையை விழுங்கிவிடுகின்றன. 1932இல் அவ்விருவரும் தம் கையிலிருந்த திணிவுகளைக் கொண்டு செய்த கணக்கில் வந்தது 17.35 அன்று. அவர்கள் கண்ட திணிவு வித்தியாசம் 0.0154, அதில் வழு எல்லை 0.003. அதற்குரிய சத்தி 14.3 மி.இ.வோ.; வழு எல்லை 2.7. இதன் மேலெல்லை 17.0 ஆக, அளந்த 17.2 அதனையும் சற்றே கடந்து நின்றது. அளவையின் வழு எத்தகையது என்பதை உணர்ந்தோர் இதனை முரண்பாடெனக் கொள்ளார்; ஆயினும் நிறுவப்பட்டது என்று பறைசாற்றவும் துணியார். திணிவுகள் செம்மையாக அளக்கப்படும்வரை இரு கணக்குகளும் பொருந்துவதற்குக் காத்திருக்கவேண்டியே இருந்தது.

அடுத்து நிகழ்ந்தது என் மதிப்பில் இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி. கருத் தாக்கங்கள் பல ஆராயப்பட்டன. ஒவ்வொன்றிலும் வெளிப்பட்ட சத்தி அளக்கப்பட்டது. ஒவ்வொன்றையும் 931ஆல் வகுத்துத் திணிவு வித்தியாசம் கணிக்கப்பட்டது. இங்ஙனம் சத்தியினின்று பெற்ற திணிவுகள் தமக்குள் ஒன்றுக்கொன்று இசைந்தன. ஆனால் அஸ்ரனின் ஈலியத் திணிவோடு இசையவில்லை. அவர் 1927இல் அறிவித்த எண் 4.00216. பழைய ஒட்சிசன் அலகில் ஈலியத்தின் சரியான திணிவு 4.00388. பத்தாயிரத்தில் நான்கு பங்கு வழு என்று சொன்னால் அது ஒன்றுமில்லாததுபோலத் தோன்றும். 931ஆற் பெருக்கிப் பார்த்தால் அது 1.6 மி.இ.வோ. ஆகிவிடும், கருவின் உலகில் அது பெருந்தொகை. பெரிலியம் 9இன் நிலை இதனைத் தெளிவாகக் காட்டும். அதன் கருவை இரண்டு ஈலியக் கருக்களும் ஒரு நியூத்திரனும் சேர்ந்ததாகக் கருதலாம். சரியான திணிவுகளின்படி, பிரிந்த பகுதிகளின் கூட்டுத் திணிவு பெரிலியத்தினும் 0.0017 அலகு மிகுந்துள்ளது. ஆகவே பெரிலியம் பிளவுறாது நிலைபெறுகிறது. அஸ்ரனின் ஈலியத் திணிவை இட்டால், பெரிலியம் தன் பகுதிகளினும் ஏறத்தாழ அதேயளவு பாரமுடையதாகத் தோன்றும். அங்ஙனமாயின் அது தானே சிதைந்து போயிருத்தல் வேண்டும். ஆனால் பெரிலியமோ நிலவுலகில் நின்று நிலவுகிறது. மரகதக் கல்லினுள்ளும் இருப்பது அதுவே.

1935இற் கேம்பிரிட்சில் ஒலிபன்ற், கெம்ற்றன், இரதபோட்டு ஆகியோரும், அமெரிக்காவிற் பெதே என்பாரும், பிழை சத்திக் கணக்கிலன்று, திணிவு அளவையிலேயே உள்ளது என்று எடுத்துக் காட்டினர். அஸ்ரன் 1936இற் புதிய கருவியால் மீண்டும் அளந்து 4.0039 என்று வெளியிட்டார். சத்திக் கணக்கானது தராசைத் திருத்திற்று. ஒரு சமன்பாடு நிறுவப்பட்டது என்று சொல்வதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

சத்தியினின்று திணிவை அறியும் இவ்வழி நியூத்திரன் விடயத்தில் இன்னும் இன்றியமையாததாகிறது. திணிவு நிறமாலைக் கருவி மின்னேற்றமுள்ள துணிக்கைகளையே வளைக்கும், நியூத்திரனுக்கோ ஏற்றமில்லை. அதனை நேரே அக்கருவியில் இடுதற்கு வழியில்லை. யானைமீது பாகனை ஏற்றி நிறுத்துப் பின் யானையைத் தனியே நிறுத்துப் பாகனின் நிறையைக் காண்பது போல, வேறொன்றோடு சேர்த்தே அதனை அளக்கவேண்டும். ஆனால் இங்கே ஒரு வேற்றுமையுண்டு. பாகன் ஏறியமையால் யானையும் பாகனும் சேர்ந்து நிறை குன்றுவதில்லை. நியூத்திரன் புரோத்தனோடு சேரும்போது குன்றுகிறது. அக்குறைவை 931 என்னும் எண்ணின்றி அறிதலரிது.

1932இல் நியூத்திரனைக் கண்டுபிடித்த சட்விக் அதன் திணிவை முதலில் ஏறத்தாழ 1.0067 என மதித்தார். அது ஐதரசன் அணுவின் திணிவினும் குறைவு. ஆதலின் நியூத்திரன் என்பது புரோத்தனும் இலத்திரனும் நெருங்கிப் பிணைந்த ஒரு சேர்க்கையே என எண்ண இடமிருந்தது. 1934இல் அவரும் கோல்ட்காபரும் பார ஐதரசனின் கருவை 2.62 மி.இ.வோ. சத்தியுள்ள காமாக் கதிர்களாற் பிளந்து, அதன் பிணைப்புச் சத்தியைக் கணித்தனர். இப்போது நாம் அறிந்த அளவுகளின்படி இக்கணக்கு எளிது. நியூத்திரனொன்று ஐதரசன் கருவோடு சேரும்போது 2.2232 மி.இ.வோ. காமாக் கதிர் வெளிப்படுகிறது. கருவின் பின்னுதைப்புக்குச் செல்லும் 0.0013ஐயும் சேர்த்தால் 2.2245 மி.இ.வோ. ஆகும். இதனை 931.494ஆல் வகுக்க 0.002388 அலகு. பார ஐதரசனின் அணுத்திணிவு 2.014102உடன் இதனைக் கூட்டி, ஐதரசனின் 1.007825ஐக் கழித்தால் 1.008665. நியூத்திரனின் திணிவு இதுவே. ஐதரசன் அணுவினும் இது 0.000840 அலகு, அஃதாவது 0.782 மி.இ.வோ., மிகுதி. இச்சிறு மிகுதியினாலேதான் தனித்த நியூத்திரன் நிலைபெறாது. ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் அவற்றுட் பாதி, புரோத்தனும் இலத்திரனுமாகச் சிதைகின்றன. அவ்விலத்திரன்கள் பெறக்கூடிய மிக உயர்ந்த சத்தியும் அதே 0.782 மி.இ.வோ. என்பது பரிசோதனையாற் கண்டது. இம்மிகுதி மறுபுறமாக இருந்திருப்பின் ஐதரசன் அணுக்களே நியூத்திரன்களாகச் சிதைந்திருக்கும். நீரேது, நாமேது?

மாணவர் வழுக்கி விழும் இடங்கள் சிலவற்றையும் இங்குக் கூறுதல் நலம். நூலிறுதி அட்டவணைகளில் தரப்படுவன அணுவின் திணிவுகள், கருவின் திணிவுகளல்ல. அவற்றில் இலத்திரன்களின் திணிவும் அடங்கியுள்ளது. ஈலியத்தின் பிணைப்புச் சத்தியைக் காணும்போது, இரண்டு ஐதரசன் அணுக்களையும் இரண்டு நியூத்திரன்களையும் கூட்டினால் 4.032980, ஈலிய அணுவைக் கழிக்க 0.030377; சத்தி 28.30 மி.இ.வோ. இங்கே இருபுறமும் இரண்டு இலத்திரன்கள் இருத்தலின் அவை தாமே கழிந்துவிடுகின்றன. ஐதரசன் அணுவுக்குப் பதிலாகப் புரோத்தனின் திணிவு 1.007276ஐ இட்டு, ஈலியத்துக்கு அணுத்திணிவையே இடும் மாணவன் 27.27 என்று விடை காண்பான். குறைந்த 1.02 மி.இ.வோ. அவன் ஒருபுறத்தே மறந்துவிட்ட இரண்டு இலத்திரன்களின் திணிவாகும். ஓர் இலத்திரன் 0.511 மி.இ.வோ.

பொசித்திரனை வெளிவிடும் சிதைவில் இவ்விலத்திரன்கள் தாமே கழிவதில்லை. சோடியம் 22 (21.994437) சிதைந்து நியோன் 22 (21.991385) ஆகிறது. வித்தியாசம் 0.003052, சத்தி 2.84 மி.இ.வோ. ஆனால் பொசித்திரனும் அதனைத் தொடரும் காமாக் கதிரும் சேர்ந்து பெறத்தக்க உச்சச் சத்தி 1.82 மட்டுமே. நியோனுக்கு இலத்திரன் ஒன்று குறைவாகவே வேண்டும். அது வெளியே தங்கிவிடுகிறது. பொசித்திரனோ புதிதாகப் பிறந்தது. இவ்விரண்டின் திணிவுக்கும் 1.02 மி.இ.வோ. கொடுத்தாக வேண்டும்.

மற்றொரு வழு எண் தானங்களைப் பற்றியது. இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசத்தையே நாம் காண்கிறோம். ஆகவே நான்கு தான மடக்கை அட்டவணையின் பழக்கம் இங்கே பயன்படாது. பார ஐதரசனின் கணக்கையே நான்கு தானங்களிற் செய்து பாருங்கள். 1.008உடன் 1.009ஐக் கூட்டி 2.014ஐக் கழித்தால் 0.003, சத்தி 2.79 மி.இ.வோ. சரியான விடை 2.22. காற்பங்கு பிழைத்துவிட்டது. கழித்தல் முடியும்வரை ஆறு தசம தானங்களையும் காத்துக்கொண்டு, பின்னரே சுருக்கவேண்டும். 931ஆ 931.5ஆ என்று வாதிடும் மாணவர் திணிவுகளைக் கவலையின்றிச் சுருக்குவது நகைப்புக்குரியது. முன்னதால் வரும் பிழை இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான்.

சொல்வழக்கிலும் ஒரு பிழை வேரூன்றிவிட்டது. அணுக்குண்டிலும் அணு உலையிலும் யுரேனியம் முழுவதும் சத்தியாக மாறிவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். யுரேனியம் 235இன் கருவொன்று பிளவுறும்போது வெளிப்படும் சத்தி ஏறத்தாழ 200 மி.இ.வோ. 931.494ஆல் வகுத்தால் 0.215 அலகு. 236 அலகுத் திணிவுள்ள தொகுதியில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கிலோகிராம் யுரேனியம் 235 முற்றாகப் பிளவுற்றாலும் குறைவது 0.9 கிராமே, ஆனால் அதற்குரிய சத்தி 8.2 × 10¹³ யூல். புரோத்தன்களும் நியூத்திரன்களும் தொகையில் ஒன்றேனும் குறைவதில்லை. அவை முன்னினும் இறுக்கமாகப் பிணைந்தன. அவ்விறுக்கத்தின் விலையே வெளியேறிய சத்தி. அச்சத்தி வெளியேறாது ஒரு பெட்டியினுள் அடைபட்டிருக்குமாயின் பெட்டியின் மொத்தத் திணிவில் மாற்றமிராது. திணிவு அழிந்து சத்தி பிறந்தது என்பதிலும், சத்தி வெளியே சென்றது, சென்றபோது தன் திணிவையும் கொண்டு சென்றது என்பதே பொருத்தமான கூற்று.

இது கருவுக்கு மட்டும் உரிய விதியுமன்று. அடுப்பிற் கரி எரியும்போதும் திணிவு குறைகிறது. ஒரு காபன் அணு ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டு ஆகும்போது 4.1 இலத்திரன் வோல்ற்றுச் சத்தி வெளிப்படுகிறது. மில்லியனன்று, வெறும் நான்கேதான். அதனை 931,494,000ஆல் வகுத்தால், 44 அலகுத் திணிவுள்ள மூலக்கூறில் ஓர் அலகின் ஆயிரங்கோடியில் நாற்பத்து நான்கு பங்கு குறையக் காண்போம். அஃதாவது, நாற்பத்து நான்கு கிலோகிராம் காபனீரொட்சைட்டு உண்டாகும்போது குறைவது ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் நான்கு பங்கு அளவே. இலவாசியே தராசைக் கொண்டு திணிவுக் காப்பு விதியை வகுத்தபோது இக்குறைவு அவர் கண்ணுக்குத் தப்பியது இதனாலேயே.